வீட்டிலிருந்தே ஒரு கலையைக் கற்பது: உங்கள் தயக்கத்துக்கு ஏற்ற வழி எது?

வீட்டில் இருந்தபடியே ஓவியமோ, இசைக்கருவியோ, பின்னல் வேலையோ கற்க விரும்புகிறவர்கள் இரண்டு கேள்விகளோடுதான் தேடத் தொடங்குகிறார்கள்: எந்தக் கலையைத் தேர்ந்தெடுப்பது, அதை எந்த வழியில் கற்பது. விடை தேடும்போது செலவு, நேரம், கருவி, கற்பிப்பவரின் புகழ் என எல்லாவற்றையும் எடைபோடுகிறார்கள். ஆனால் தொடங்கியவர்களில் பலரைப் பாதியில் நிறுத்திவிடுகிற "இது நமக்கு வருமா" என்ற ஐயத்தை மட்டும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை; அது மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு தனியாக வெல்ல வேண்டிய ஒன்று என்று ஒதுக்கிவிடுகிறார்கள். நான் இதற்கு நேர்மாறாக நினைக்கிறேன். ஒருவருடைய ஐயம் எந்த வகையைச் சேர்ந்தது என்பதே இந்தத் தேர்வின் முதல் அளவுகோலாக இருக்க வேண்டும். கலையும் வழியும் அதற்கு ஏற்றவையாக அமைந்தால் ஐயத்தோடு தனியே போராட வேண்டிய தேவை பெருமளவு குறைந்துவிடும்.

தன் திறன் மீது ஒருவருக்கு நம்பிக்கை எங்கிருந்து பிறக்கிறது என்பதை உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் வெளியிட்ட கட்டுரையில் நான்கு ஊற்றுகளாகப் பிரித்துக் காட்டினார்: தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்ற பிறர் செய்து முடிப்பதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கச் சொற்கள், செயலில் ஈடுபடும்போது உடலும் மனமும் இருக்கும் நிலை. இவற்றுள் முதலாவதே வலிமையானது என்றும், ஊக்கச் சொற்களால் மட்டும் எழும் நம்பிக்கை எதிரான ஓர் அனுபவத்திலேயே கலைந்துவிடக்கூடியது என்றும் அவர் கருதினார். கலையையும் வழியையும் ஒப்பிடுகிறவருக்கு இந்த வரிசை நல்ல துணை. "எது சிறந்தது" என்று கேட்பதைவிட, "எது என் கையாலேயே ஒரு சிறிய, முழுமையான பொருளை விரைவில் முடிக்க விடும்" என்று கேட்டால், பல தெரிவுகள் தாமாகவே முன்னும் பின்னும் நகர்ந்து தெளிவான ஒழுங்குக்கு வந்துவிடும்.

ஐயம் என்று ஒரே சொல்லால் குறித்தாலும் அது எல்லோருக்கும் ஒன்றல்ல. "எனக்குக் கை வராது" என்பது ஒரு வகை. திறமை பிறவியிலேயே அமைய வேண்டியது, அது தனக்கு வாய்க்கவில்லை என்ற முடிவு அதற்குள் இருக்கிறது. "யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள்" என்பது இன்னொன்று. தன்னால் முடியாது என்பதைவிட, முடியாததைப் பிறர் பார்த்துவிடுவார்களே என்ற கூச்சம்தான் அங்கே பெரிது. "இதையும் பாதியில் விட்டுவிடுவேன்" என்பது மூன்றாவது வகை. முன்பு விட்டவை எல்லாம் கண்முன் வந்து நிற்க, புதியதைத் தொடவே மனம் துணிவதில்லை. "இந்த வயதில் தொடங்கி என்ன ஆகப்போகிறது" என்பது நான்காவது. இதை நீட்டிப் பேச வேண்டியதில்லை. மேரி டிலேனி என்ற ஆங்கிலேயப் பெண்மணி வண்ணத் தாள்களை வெட்டி ஒட்டிப் பூக்களை உருவாக்கத் தொடங்கியபோது அவருக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது. அடுத்த பத்தாண்டுகளில், பார்வை மங்கும்வரை, ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான பூக்களை அவர் செய்து முடித்தார். இன்று அவை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

முதல் வகை ஐயத்தைப் பற்றி மட்டும் சற்று நின்று பேச வேண்டும். ஏனென்றால் அது உண்மைபோலவே தோற்றம் தருகிறது. குழந்தைகள் எல்லோரும் வரைகிறார்கள். பத்து, பதினொரு வயதில் கண்ணுக்குத் தெரிவதை அப்படியே தாளில் கொண்டுவர வேண்டும் என்ற விருப்பம் எழுகிறது. அது கைகூடாதபோது பெரும்பாலோர் பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஆள் ஒரு முகத்தை வரைந்தால், அது பத்து வயதுப் பிள்ளை வரைந்த முகம்போல இருப்பதில் வியப்பில்லை. கை அங்கேயே நிறுத்தப்பட்டிருக்கிறது. சித்திரமும் கைப்பழக்கம் என்பதை எல்லோரும் வாய்ப்பாடமாகச் சொல்வோம். தன் கோணல் கோட்டைப் பார்க்கும் அந்த நொடியில் மட்டும் அது நினைவுக்கு வராமல், பிறவியின் மீது பழி போய்ச் சேர்கிறது. எனவே இந்த ஐயம் உள்ளவருக்கு, தவறு நேர்ந்தால் அதன் காரணம் தன் கையா, தாளா, நூலா, முறையா என்பதைத் தெளிவாகக் காட்டிவிடும் கலையும் வழியுமே முதல் தேவை.

கலைகளை அந்தக் கண்ணோடு பார்த்தால் இரண்டு வேறுபாடுகள் முன்னே வருகின்றன: செய்த தவறை மீட்டெடுக்க முடியுமா, தவறு நேர்ந்ததை அந்தக் கலை தானாகவே சொல்லுமா. தொடக்கக் கலையாக, ஒற்றைக் கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் குரோஷேவை நான் எல்லாவற்றுக்கும் முன்னால் வைப்பது இவ்விரண்டு காரணங்களாலும்தான். கொக்கி ஊசியில் எந்த நேரமும் பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணிதான் உயிரோடு இருக்கிறது. தவறு தெரிந்தால் ஊசியை உருவி நூலை இழுத்தால் போதும். எந்த இடம்வரை வேண்டுமோ அந்த இடம்வரை அவிழ்ந்து, அதே நூல் மறுபடியும் கைக்கு வந்துவிடும். இரண்டு ஊசிகளால் செய்யும் பின்னலில் ஒரு வரிசையின் எல்லாக் கண்ணிகளும் ஊசியில் காத்திருக்கின்றன. ஒன்று நழுவினால் அது கீழ்வரிசைகளுக்கும் ஏணிபோல இறங்கும். அதை மீட்கத் தெரிந்துகொள்ளலாம் என்றாலும் முதல் வாரத்திலேயே சந்திக்க வேண்டிய சோதனை அல்ல அது. பூத்தையல் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது: தையலைப் பிரிக்கலாம், ஆனால் பலமுறை பிரித்தால் துணியில் துளைகள் தெரியும், நூல் பிசிறும்.

குரோஷேவில் தொடங்குகிறவர்களுக்குப் பொதுவாக நேரும் ஒன்றைக் கிட்டே வைத்துப் பார்க்கலாம். இருபது கண்ணிகளோடு ஒரு சதுரத்தைத் தொடங்குகிறார்கள். பத்து வரிசை ஏறியதும் அது சதுரமாக இல்லாமல் மேலே செல்லச் செல்லக் குறுகி நிற்கிறது. நூலை இறுக்கிப் பிடித்ததால் இருக்கும், கை பழகாததால் இருக்கும், தனக்கு இது ஒத்துவராததால் இருக்கும் என்று மனம் காரணங்களை அடுக்குகிறது. உண்மையில் பெரும்பாலும் நடந்திருப்பது ஒன்றே: ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் ஓரத்தில் ஒளிந்திருக்கும் கடைசித் தையல் விடுபட்டுக்கொண்டே வந்திருக்கிறது. வரிசை முடிந்ததும் எண்ணிப் பார்த்தால் இருபதுக்குப் பதிலாகப் பத்தொன்பது இருக்கும். முதல் தையலிலும் கடைசித் தையலிலும் வேறு நிற நூல்துண்டை மாட்டி அடையாளம் வைத்துக்கொண்டால் அடுத்த சதுரம் நேராக எழும். "எனக்குக் கை வராது" என்று தோன்றிய ஒன்று எண்ணிக்கையில் விடுபட்ட ஒரு தையலாகச் சுருங்கிவிடுகிறது. இந்த ஒரு அனுபவம் எத்தனை பாராட்டுகளாலும் தர முடியாத தெளிவைத் தரும்.

நீர்வண்ணம் இதற்கு எதிர்த்திசையில் இருக்கிறது. பார்ப்பதற்கு எளிமையாகவும் மென்மையாகவும் இருப்பதால் தொடக்கக் கலையாகப் பலர் அதையே தேர்ந்தெடுக்கிறார்கள்; ஆனால் ஐயத்தோடு வருகிறவரிடம் அது கடுமையாக நடந்துகொள்ளும். அந்த வண்ணம் ஒளி ஊடுருவக்கூடியது. வெளிறிய நிறத்திலிருந்து அடர்நிறத்துக்குத்தான் போக முடியும், மேலே வெளிர்நிறம் பூசிக் கீழே உள்ளதை மறைக்க முடியாது. பாதி காய்ந்த பரப்பில் ஈரத் தூரிகை பட்டால் பூக்கோசின் விளிம்புபோலக் கறை விரிகிறது. அதற்குக் காரணம் திறமைக் குறைவு அல்ல. இரண்டு இடங்களிலும் நீரின் அளவு வேறுபட்டதுதான். கையில் கிடைத்த அச்சுத்தாளில் வரைந்தால் நிலைமை இன்னும் மோசமாகும்: சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள அந்தத் தாள் ஈரம் பட்டதும் நெளிந்து, வண்ணம் பள்ளங்களில் தேங்குகிறது. நீர்வண்ணத்துக்கென்று உள்ள 300 கிராம் தாளில் அதே கை, அதே வண்ணத்தைக் கொண்டு வேறு ஒரு படத்தைத் தரும். தாளின் குற்றத்தைத் தன் குற்றமாக ஏற்றுக்கொண்டு விலகியவர்களை எண்ணினால் எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. வண்ணத்தில்தான் மனம் என்றால், காய்ந்தபின் மேலே மறுபடி பூச இடம் தரும் அக்ரிலிக்கில் தொடங்கலாம். அல்லது சில மாதம் பென்சிலோடு இருக்கலாம். பென்சில் வரைதலில் ஒரு படத்தைத் தலைகீழாக வைத்துப் பார்த்து வரையும் பயிற்சியைக் கட்டாயம் சொல்ல வேண்டும். முகம், மூக்கு, கண் என்று பெயர் சொல்லி மனத்திலிருந்து வரைவதை அது தடுத்து, கோடு எங்கே வளைகிறது, எவ்வளவு நீள்கிறது என்று பார்க்க வைக்கிறது. நேராக வரைந்ததைவிடத் தலைகீழாக வரைந்தது நன்றாக வந்திருப்பதைக் கண்டு பலர் திகைக்கிறார்கள்.

இசையில் கூச்சம்தான் முதல் எதிரி. ஏனென்றால் ஒலி அறைக்குள் நிற்காது. இந்த ஒரு காரணத்துக்காகவே, பிறர் காதில் விழுமே என்று தயங்குகிறவருக்கு ஹெட்போன் மாட்டக்கூடிய கீபோர்டு மற்ற எல்லாக் கருவிகளையும்விட உகந்தது. அதில் கட்டையை அழுத்தினால் சுருதி சரியாக இருக்கும். நேரம் தவறலாம், வரிசை தவறலாம், ஆனால் ஒலி கெட்டதாக வராது. கிட்டாரில் முதல் சில வாரங்கள் விரல்நுனி வலிக்கும். கம்பிகள் பலகையிலிருந்து அதிக உயரத்தில் கட்டப்பட்டிருந்தால் வலி இரட்டிப்பாகும், அதைச் சரிசெய்யலாம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. வயலினில் விரல் வைக்க வேண்டிய இடத்தைக் காட்டும் கட்டைகள் இல்லை. புல்லாங்குழலில் முதல் தெளிவான ஒலி வருவதற்கே நாள்கள் ஆகலாம். இவற்றை விரும்புகிறவர் கைவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர் தேர்ந்தெடுக்க வேண்டிய வழி வேறு, அதைப் பின்னால் சொல்கிறேன். கதை, கவிதை எழுதுவதற்குக் கருவியே வேண்டாம், தனிமையும் முழுமையாக உண்டு. ஆனால் எழுதியது சரியா தவறா என்று அந்தக் கலை தானாகச் சொல்லாது. குறுகிப்போன குரோஷே சதுரம் கண்ணுக்குத் தெரியும், மோசமான பத்தி அப்படித் தெரியாது. ஆகவே எழுத்தைத் தேர்ந்தெடுக்கிறவருக்கு வாசகர் ஒருவராவது சீக்கிரமே தேவைப்படுவார்.

இனி வழிகள். வீட்டில் கற்பதற்கு நடைமுறையில் நான்கு வழிகள் உள்ளன: இலவசக் காணொளிகளை நாமே தேடிப் பார்ப்பது, தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு புத்தகத்தையோ பதிவுசெய்த பாடத்தொடரையோ பின்பற்றுவது, நேரலை வகுப்பில் ஆசிரியரிடம் கற்பது, நம்மைப் போன்ற இன்னொருவரோடு சேர்ந்து கற்பது.

காணொளிகள் எளிதில் கிடைப்பதும் செலவில்லாததும் உண்மையே. ஆயினும் தன்மீது ஐயம் கொண்டவருக்கு அவற்றை முதன்மை வழியாக நான் பரிந்துரைக்க மாட்டேன். மைக்கேல் கார்டாஸ், எட் ஓ'பிரையன் என்ற இரு ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வலுவான காரணம் தருகிறது. அம்பெறி (டார்ட்ஸ்) விளையாட்டில் ஒருவர் இலக்கின் நடுவில் எறியும் காணொளியைச் சிலருக்கு ஒருமுறையும், வேறு சிலருக்கு இருபது முறையும் காட்டினார்கள். இருபது முறை பார்த்தவர்கள் தாங்கள் அதிகப் புள்ளி எடுப்போம் என்று எதிர்பார்த்தார்கள். எறிந்தபோதோ மற்றவர்களைவிடச் சற்றும் மேலாகச் செய்யவில்லை. பார்ப்பது நம்பிக்கையைக் கூட்டியது, திறனைக் கூட்டவில்லை. அதே ஆய்வின் இன்னொரு பகுதியில், வித்தை காட்டுபவர் வீசிப் பிடிக்கும் கட்டைகளைப் பார்த்தவர்களின் கையில் சற்று நேரம் கொடுத்ததுமே, ஊதிப்பெருத்த அந்த நம்பிக்கை இறங்கியது. இதை ஐயம் மிகுந்த ஒருவரின் மாலைப்பொழுதுக்குள் வைத்துப் பாருங்கள். ஒரு நிலக்காட்சி பதினைந்து நிமிடத்தில் உருவாவதை அவர் மூன்று முறை பார்க்கிறார். எளிதாகத்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது. தூரிகையை எடுத்ததும் சேறு போன்ற ஒரு பரப்பு மிஞ்சுகிறது. எதிர்பார்ப்பு எவ்வளவு உயர்ந்திருந்ததோ அவ்வளவு தூரம் விழ வேண்டியிருக்கிறது. விழுந்த பழியைத் தன்மேலேயே போட்டுக்கொள்கிறார். அந்தக் காணொளியில் வெட்டி நீக்கப்பட்ட தடுமாற்றங்களும், அதற்கு முன் வரைந்து கிழித்த தாள்களும் அவருக்குத் தெரிய வழியில்லை.

காணொளிகளை அறவே விலக்க வேண்டும் என்பதில்லை. அகராதியைப் போலப் பயன்படுத்தினால் அவை மிக நல்லவை. ஒரு குறிப்பிட்ட தையல் எப்படி விழுகிறது என்று தெரியாதபோது அதை மட்டும் தேடிப் பார்த்து, கையில் ஊசியோடு நிறுத்தி நிறுத்திச் செய்துவிட்டு மூடிவிடலாம். தேர்ந்தவர்கள் இழையறாமல் செய்து காட்டுவதைவிட, செய்யும்போதே தவறி, தவறியதைச் சொல்லி, திருத்திக்கொண்டு போகிறவர்களின் காணொளிகள் தொடக்கநிலையாளருக்கு அதிகம் உதவும். 1980-களில் டேல் ஷங்க் முதலிய கல்வி உளவியலாளர்கள் கணக்கில் தடுமாறும் பள்ளிப் பிள்ளைகளிடம் ஆராய்ந்தபோது, முதலில் திணறிப் பிறகு தேறுகிற சக மாணவரைப் பார்த்த பிள்ளைகளுக்குத் தம் திறன்மீது நம்பிக்கை கூடியதைக் கண்டார்கள். பண்டூராவின் இரண்டாவது ஊற்று இதுதான். "தன்னைப் போன்ற" பிறர் என்பது அதில் முக்கியமான நிபந்தனை.

புத்தகம் அல்லது பதிவுசெய்த பாடத்தொடரின் பெரும் நன்மை அது முடிவுள்ளது என்பதுதான். காணொளிகளின் கடலில் அடுத்து என்ன என்பதை ஒவ்வொரு நாளும் நாமே தீர்மானிக்க வேண்டும். ஐயம் உள்ளவருக்கு அந்தத் தீர்மானமே பெருஞ்சுமை. பன்னிரண்டு பாடங்கள் கொண்ட தொடரில் ஐந்தாவது முடிந்தால் ஆறாவது காத்திருக்கிறது. யாரும் பார்க்காமல், எத்தனை முறை வேண்டுமானாலும் அதே பக்கத்துக்குத் திரும்பலாம். ஆகவே கூச்சம் மிகுந்தவர்களுக்கு இதைவிட உகந்த வழி இல்லை. இதன் குறை, அது நம் கையைப் பார்க்காது என்பது. குறுகிய சதுரத்தை முன்னால் வைத்துக்கொண்டு நாள்கணக்கில் குழம்பினாலும் புத்தகம் ஒன்றும் சொல்லாது. ஆசிரியர் பத்து நொடியில் ஓரத்தைச் சுட்டிக்காட்டிவிடுவார்.

அந்தப் பத்து நொடிக்காகத்தான் நேரலை வகுப்பு. குறித்த நாள், குறித்த நேரம் என்ற கட்டுப்பாடும் அதோடு வருகிறது. "பாதியில் விட்டுவிடுவேன்" என்று அஞ்சுகிறவருக்கு அது நல்ல ஊன்றுகோல். ஆனால் வகுப்புகள் எல்லாம் ஒன்றல்ல. முப்பது பேர் திரையில் இருக்க ஆசிரியர் மட்டும் செய்து காட்டும் வகுப்பு, பெயரளவில்தான் நேரலை. அதில் காணொளியின் குறைகள் எல்லாம் இருக்கும், ஓடும் வேகமும் நம் கையில் இருக்காது. பக்கத்துக் கட்டத்தில் ஒருவர் வேகமாக முடித்துக் காட்டும்போது, ஏற்கெனவே தயங்குகிறவர் தன் கேமராவை அணைத்துவிடுகிறார். சேருவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: ஒவ்வொரு வகுப்பிலும் என் வேலையை நீங்கள் பார்த்துச் சொல்வீர்களா? ஆம் என்று தெளிவாக விடை வராத வகுப்பைவிட ஒரு நல்ல புத்தகம் மேல்.

துணையோடு கற்பதைப் பற்றிக் கட்டுரைகளில் அதிகம் பேசப்படுவதில்லை. எனக்கோ அது மிகவும் மதிப்பு வாய்ந்ததாகத் தெரிகிறது. ஏறத்தாழ ஒரே நிலையில் உள்ள இருவர், வாரம் ஒருமுறை தொலைபேசியில் படம் பகிர்ந்துகொண்டு, ஒரே பாடத்தொடரைப் பின்பற்றினால், திணறித் தேறுகிறவரைப் பார்க்கும் நன்மையும், தொடர்ந்து செய்வதற்கான உந்துதலும் ஒன்றாகக் கிடைக்கின்றன. நிலை பெரிதும் வேறுபட்டவர்களாக இருந்தால் மட்டும் இந்த ஏற்பாடு வேண்டாம். ஒருவர் ஆசிரியராகவும் மற்றவர் குற்றவாளியாகவும் மாறிவிடுவார்கள்.

காணொளி நீங்கலாக மற்ற வழிகள் எல்லாவற்றையும் ஏறத்தாழ இரண்டே ஆண்டுகளில் ஒருவர் கடந்துபோனதை வின்சென்ட் வான் கோவின் வாழ்க்கையில் காணலாம். 1880-இல் பெல்ஜியத்தின் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில், வேறு வேலைகள் கைகூடாத நிலையில், ஓவியனாவது என்று அவர் முடிவெடுத்தபோது அவருக்கு வயது 27. முதலில் அவர் நாடியது ஒரு பாடத்தொடரை: சார்ல்ஸ் பார்க் என்பவர் கரிக்கோல் பயிற்சிக்காக உருவாக்கிய அறுபது தாள்களை வரவழைத்து, ஒவ்வொன்றாகப் பார்த்து வரைந்தார். அவ்வாண்டின் பிற்பகுதியில் பிரஸ்ஸல்ஸுக்குச் சென்று அந்தோன் வான் ராப்பார்ட் என்ற இளம் ஓவியரின் நட்பைப் பெற்றார். இருவரும் பல ஆண்டுகள் தங்கள் படங்களைப் பற்றிக் கடிதத்தில் விவாதித்தார்கள். 1881-இன் இறுதியில் உறவினரும் பெயர்பெற்ற ஓவியருமான அந்தோன் மௌவேயிடம் எண்ணெய் வண்ணமும் நீர்வண்ணமும் கற்றார். அந்த உறவு நீடிக்கவில்லை. சுண்ணச் சிலைகளைப் பார்த்து வரையும்படி மௌவே வற்புறுத்தியதால் எழுந்த மனத்தாங்கலில், சிலைகளை உடைத்து நிலக்கரித் தொட்டியில் எறிந்ததாக வான் கோ தம்பிக்கு எழுதினார்.

இங்கே எனக்கு முக்கியமாகப் படுவது அவருடைய பிற்காலப் புகழ் அல்ல, இந்த வரிசைதான். அறுபது தாள்களைத் தனிமையில் வரைந்து முடித்த அனுபவம் முதலில் இருந்தது, அதன்பின் துணை, ஆசிரியர் பிற்பாடு. கண்டிப்பான ஆசிரியரோடு உறவு முறிந்தபோதும் அவர் வரைவதை விடவில்லை. நாள்தோறும் வரைகிறவன் என்பதற்கான சான்று அதற்குள் அவர் கையிலேயே குவிந்திருந்ததும் அதற்கு ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். தம்பியையும் ஓவியனாகும்படி தூண்டி 1883-இல் எழுதிய கடிதத்தில், "நீ ஓவியன் அல்ல" என்று உள்ளே ஒரு குரல் சொன்னால் அப்போதுதான் வரைய வேண்டும், வரைவதாலேயே அந்தக் குரல் அடங்கும் என்று அவர் சொன்னார்.

ஆகவே பெரும்பாலான தொடக்கநிலையாளருக்கு என் பரிந்துரை இது: அவிழ்த்துச் செய்யக்கூடிய, அல்லது அழித்து வரையக்கூடிய ஒரு கலையை எடுத்துக்கொள்ளுங்கள், முடிவுள்ள ஒரே ஒரு பாடத்தொடரைத் தேர்ந்தெடுத்து, அது முடியும்வரை இன்னொன்றைத் தேடாதீர்கள், சில வேலைகள் முடிந்தபின் அவற்றைத் தேர்ந்த ஒருவரிடம் காட்டி, தனியாக ஓரிரு அமர்வு மட்டும் கேட்டுப் பெறுங்கள். மாதக்கணக்கில் வகுப்புக்குப் பதிவுசெய்வது அதன்பிறகு போதும். கூச்சம் மிகுந்தவருக்கு இந்த ஏற்பாடு அப்படியே பொருந்தும். விட்டுவிடுவேன் என்று அஞ்சுகிறவர் இதோடு ஒரு துணையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். வயலின், புல்லாங்குழல், வாய்ப்பாட்டு ஆகியவற்றைக் கற்பவர் மட்டும் முதல் நாளிலிருந்தே ஆசிரியரிடம் போக வேண்டும். வில்லைப் பிடிக்கும் விதமும், உதட்டின் நிலையும், மூச்சும் தவறாகப் பழகிவிட்டால் அவற்றைத் திருத்துவது புதிதாகக் கற்பதைவிடக் கடினம்.

எவ்வளவு நாள் முயன்று பார்த்துவிட்டு வழியை மாற்றுவது என்ற கேள்வியும் இதில் அடங்கும். லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் பிறரும் 96 பேரை வைத்து நடத்தி 2010-இல் அச்சான ஆய்வில், ஒரு புதிய செயல் தன்னியல்பான பழக்கமாவதற்கு ஆன காலம் நடுமதிப்பில் 66 நாள் என்றும், ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள் வரை வேறுபடும் என்றும் கணக்கிட்டார்கள். அவர்கள் ஆராய்ந்தது உணவு, நீர் அருந்துதல், உடற்பயிற்சி போன்ற எளிய பழக்கங்களை. கலைப்பயிற்சிக்கு இதைவிடக் குறைவாக ஆகும் என்று எதிர்பார்க்க நியாயமில்லை. அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: ஒரு நாள் தவறவிட்டது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடும்படியாகப் பாதிக்கவில்லை. ஒரு நாள் விட்டதும் "பார், நான் சொன்னேனே" என்று தொடங்கும் உள்குரலுக்கு இதைவிட நேரடியான மறுமொழி இல்லை. மூன்றாம் வாரத்தில் பயிற்சி இன்னும் வலிந்து செய்வதாகவே இருந்தால் அது தோல்வியின் அறிகுறி அல்ல. இரண்டு, மூன்று மாதம் அதே வழியில் இருந்து பார்ப்பது நியாயம்.

பயிற்சி நேரத்தில் நெஞ்சு படபடக்கிறது, தாளைப் பார்த்தாலே பதற்றம் வருகிறது என்கிறவர்கள் உண்டு. பண்டூரா சொன்ன நான்காவது ஊற்று அங்கேதான் அடைபடுகிறது. டிரெக்சல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரிஜா கைமாலும் பிறரும் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், வண்ணப்பேனா, களிமண், வெட்டி ஒட்டும் தாள்கள் ஆகியவற்றைக் கொண்டு 39 பேர் 45 நிமிடம் விரும்பியதைச் செய்தார்கள். ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்கு, மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்ட்டிசால் சுரப்பி நீரின் அளவு குறைந்தது. முன்பே கலைப் பயிற்சி இருந்ததா இல்லையா என்பது இதில் வேறுபாட்டை ஏற்படுத்தவில்லை. பாடத்தொடரைத் தொடங்குமுன் பத்து நிமிடம் எந்த இலக்கும் இல்லாமல் வண்ணத்தைத் தீற்றுவது, கட்டைகளை இஷ்டம்போல் அழுத்துவது என்று வைத்துக்கொள்வது நல்லது. அந்தத் தாளை யாருக்கும் காட்ட வேண்டியதில்லை, எடுத்துவைக்கவும் வேண்டியதில்லை.

முடித்த வேலையை யாரிடம், எப்படிக் காட்டுவது என்பதையும் முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்வது நல்லது. "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டால், அன்பானவர் ஆம் என்பார், கறாரானவர் உதட்டைப் பிதுக்குவார், இரண்டாலும் அடுத்த வேலைக்கு ஒரு பயனும் இல்லை. "இந்த நாற்காலியின் நான்கு கால்களும் ஒரே தரையில் நிற்பதுபோலத் தெரிகிறதா?", "இந்தக் கதையில் யார் பேசுகிறார் என்று எங்கேயாவது குழம்பியதா?" என்று கேட்டால், கலை தெரியாதவர்கூடப் பயனுள்ள விடை தர முடியும். தொடர்ந்து மூன்று வேலைகளில் ஒரே குறை தென்பட்டால் அதைத் தனியே தீர்க்க முயலாமல், தேர்ந்தவரிடம் கேட்கும் அமர்வை அந்த ஒரு குறைக்காகவே ஒதுக்கலாம். மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தபின்னும் நூலைத் தொடுவதிலோ கட்டையை அழுத்துவதிலோ சிறு மகிழ்ச்சியும் இல்லை என்றால், அப்போது மாற்ற வேண்டியது கலையைத்தான். அந்த மாற்றத்தைச் செய்யும்போது முடித்த வேலைகளில் முதலாவதையும் கடைசியையும் தேதி குறித்து ஒரு கோப்பில் போட்டுவையுங்கள். அடுத்த கலையின் முதல் வாரத்தில் பழைய ஐயம் எழும்போது அவ்விரண்டையும் அருகருகே எடுத்துவைத்துப் பார்க்கத் தேவைப்படும்.